குதிரைக்காரரை வெட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில் விவசாயக் கூலிப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை. வீட்டில் சத்தமாகப் படிக்கச் சொல்லி என் மனைவியும் கேட்டாள். அதற்கு மேலே ஒரு படம் போட்டிருந்தீர்கள். வயலில் மூன்று பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே ‘ஐரோப்பிய ஓவியம்’ என்று இரண்டே சொற்கள். இந்தக் கடிதம் அந்தப் படத்தைப் பற்றியது.

அதை வரைந்தவர் பிரான்ஸ் நாட்டு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே. ஆண்டு 1857. தமிழில் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ என்று சொல்லலாம். அசல் இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரும் ஆண்டும் போடாததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். படத்தின் மேல் பகுதி வெட்டுப்பட்டுப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்தியின் அளவுக்குப் படம் அடங்கவில்லை, அதனால் யாரோ மேலே இருந்ததைக் கழித்துவிட்டார்கள். அங்கே வெறும் வானம்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வானம் மட்டும் இல்லை ஐயா.

நான் மன்னார்குடியில் 40 வருஷம் போர்டு எழுதிப் பிழைத்தவன். கடைப் பெயர்ப்பலகை, லாரியின் பின்பலகை, சுவர் விளம்பரம், கொட்டகைக்கு சினிமா பேனர் என்று எல்லாம் செய்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை படிப்படியாகக் குறைந்து நின்றுபோயிற்று. இந்த மில்லே படத்தை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நல்ல அச்சுப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் உட்கார்ந்து, ஆயில் கலரில் கையால் முழுதாக வரைந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அந்த வேலை என்னிடம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்பு, ஒரு தங்கும் விடுதிக்கு உள் அலங்காரம் செய்துகொண்டிருந்தவர் என்னைத் தேடி வந்தார். இந்த மில்லே படம் வேண்டும், கையால் வரைந்த ஆயில் பெயின்டிங்தான் வேண்டும், பிரின்ட் வேண்டாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! சரி என்று சொல்லி 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து மாற்றங்கள் சொன்னார். பின்னால் இருக்கிற கதிர்க்கட்டுப் போர்களும் வண்டியும் ஆட்களும் வேண்டாம், அந்த இடத்தில் பச்சையாக மரங்கள் வரட்டும். குதிரை மேல் ஒருத்தர் இருக்கிறாரே, அவரும் வேண்டாம். பெண்கள் இவ்வளவு குனிந்திருந்தால் முகம் தெரியவில்லை, கொஞ்சம் நிமிர்த்தி, லேசாகச் சிரிக்கிற மாதிரி போட்டால் கிராமத்து அழகு வரும். இதுதான் அவர் கேட்டது.

கேட்டபடி போட்டுக்கொடுப்பதுதான் என் தொழில். ஒரு நடிகருக்கு மீசையைப் பெரிதாக்கு என்றால் பெரிதாக்குவேன். அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. ஆனால் இந்தப் படத்தில் அது முடியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அந்த அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களை நிமிர்த்த என் கை வரவில்லை. காலையில் போய் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் கேன்வாஸ் வாங்கி வந்து எனக்காகவே வரைய ஆரம்பித்தேன்.

அசல் 83.5 சென்டிமீட்டர் உயரம், 110 சென்டிமீட்டர் அகலம். நான் எடுத்துக்கொண்டது 67-க்கு 88. ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததற்குக் காரணம் உண்டு. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் 1793-ல் திறந்த காலத்திலிருந்தே அங்கே உட்கார்ந்து ஓவியங்களை நகலெடுக்க ஓவியர்களை அனுமதிக்கிறார்கள். ஆனால் நகல் அசலின் அளவில் இருக்கக் கூடாது, குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது. நான் வரைந்தது மன்னார்குடியில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் என்றாலும் அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. நகல் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுச் செய்கிற நகலில் ஒரு நேர்மை இருக்கிறது.

பேனர் வரைகிறவர்கள் சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, பேனரில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக ஏற்றுவோம். இதையும் அப்படித்தான் ஏற்றினேன். வர்ணம் மேலிருந்து கீழே போகும். முதலில் வானம், பிறகு தூரம், கடைசியில்தான் முன்னால் நிற்கிற ஆட்கள். அதனால் முதல் மூன்று வாரமும் நான் அந்தப் பெண்களைத் தொடவே இல்லை. உங்கள் பத்திரிகையில் வெட்டிப்போட்ட அந்தப் பகுதியில்தான் இருந்தேன்.

அங்கே என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? வீட்டு உயரத்துக்குப் போர்கள். வண்டி நிறையக் கட்டுகள். ஒரு கூட்டம் ஆட்கள் அரிந்து, கட்டி, ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். வலது பக்கம் தூரத்தில் ஊர். அங்கேயே தனியாக, குதிரை மேல் ஒருவர். பண்ணையின் காரியக்காரர் என்று சொல்லலாம், வேலை நடக்கிறதா என்று பார்க்கிறவர். அவ்வளவும் வெயிலில் தூசி பறக்கிற ஒரு மஞ்சள் பொன்னிறத்தில் மங்கலாகக் கிடக்கிறது. யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சளில் வெள்ளையைக் கலந்து கலந்து பார்த்தேன், அந்த மங்கல் வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று விளிம்பை அழுத்திப் போட்டே பழகிய கை. பிரஷ்ஷை வைத்துவிட்டு, பழைய பனியன் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்த பிறகுதான் போர்கள் தூரத்துக்குப் போயின.

குதிரைக்காரரை மட்டும் நாலு தடவை போட்டேன். என் கேன்வாஸில் அவர் என் கட்டைவிரல் உயரம்கூட வரமாட்டார். கொஞ்சம் பெரிதாகப் போட்டால் அவரே கதாநாயகன் ஆகிவிடுகிறார். கொஞ்சம் இருட்டாகப் போட்டால் முன்னால் வந்து நின்றுகொள்கிறார். மில்லே வைத்திருப்பது சரியாக ஒரே ஓர் அளவு. பார்த்தவுடன் கண்ணில் படக் கூடாது, பட்ட பிறகு மறக்கவும் கூடாது. அவர் அங்கே இருப்பது தெரிந்த பிறகு அந்த மூன்று பெண்களின் குனிவுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், மூன்று பேரும் தங்கள் சொந்த வயலில் சாவகாசமாக வேலை செய்கிறவர்கள் ஆகிவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் அப்படித்தான் தெரிந்தார்கள்.

அந்த வயல் அவர்களுடையது இல்லை. அறுவடைக் கூலியும் அவர்களுக்கு இல்லை. அறுத்துக் கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு தரையில் சிந்திக் கிடக்கும் கோதுமைக் கதிர்களை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாம் என்று பிரான்ஸில் பழைய வழக்கம் உண்டு, அதற்குச் சட்டமும் உண்டு. விளைச்சல் முழுவதும் வயலைவிட்டுப் போயிருக்க வேண்டும். சூரியன் உதித்த பிறகுதான் இறங்கலாம், மறைவதற்குள் கரையேறிவிட வேண்டும். மில்லேயின் படத்திலும் வெயில் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்ந்த வெளிச்சம் அவர்களுடைய முதுகிலும் கழுத்திலும் கையிலும் மட்டும் விழுகிறது. பின்னால் வண்டி நிறையக் கட்டு போகிறது, முன்னால் ஒரு கைப்பிடி சேர்ப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. இந்த இரண்டும் ஒரே படச் சட்டத்துக்குள் இருந்தால்தான் அது மில்லே வரைந்த படம்.

அப்புறம் பெண்களுக்கு வந்தேன். மூன்று பேர், மூன்று தலைத்துணி. இடது பக்கம் நீலம், நடுவில் சிவப்பு, வலது பக்கம் மஞ்சள். ஒருத்தி குனிந்து கை நீட்டுகிறாள், ஒருத்தி பொறுக்குகிறாள், ஒருத்தி பாதி நிமிர்ந்திருக்கிறாள். ஒரே பெண் அன்றைக்கு ஆயிரம் தடவை செய்கிற காரியத்தை மூன்றாகப் பிரித்து வைத்த மாதிரி. குனிந்திருக்கும் இருவரின் தலையும் அடிவானத்தைத் தாண்டவில்லை. முகம் நிழலில் இருக்கிறது. விடுதிக்காரர்கள் கேட்ட அந்த முகத்தை மில்லே கொடுக்கவே இல்லை. இடது பக்கப் பெண் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறாள் பாருங்கள். வெகு நேரம் குனிந்தவர்களுக்குத்தான் அந்தக் கை தானாக அங்கே போகும்.

நடுப் பெண்ணின் முதுகை வரைந்து முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நடவுக்குப் போனவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவளுக்கு இடுப்பே வலிக்கலியே” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் கட்டங்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரியாமலே முதுகை வில் மாதிரி வளைத்துவிட்டிருந்தேன். சினிமா பேனரில் பெண் உருவம் போட்டுப் போட்டு வந்த பழக்கம். அச்சுப் பிரதியில் அந்த முதுகு கிட்டத்தட்டப் பலகை மாதிரி மட்டமாக இருக்கிறது. உடம்பின் பாரம் இடுப்பில் மாட்டிக்கொண்டு, தோள் கீழே இழுக்கிறது. காய்ந்த வர்ணத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது தடவை அவள் எதுவும் சொல்லாமல் கேன்வாஸுக்கு முன்னாலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

என் அம்மாவும் கதிர் பொறுக்கினவள். அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலம். களத்துக்குக் கட்டு போன பிறகு அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் அறுத்த வயலின் தாளில் இறங்குவார்கள். வரப்பில் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் திட்டியதாகவோ விரட்டியதாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவர் நிற்கிறவரைக்கும் அம்மா நிமிர மாட்டாள். மடியில் உதிரிக் கதிர்களைப் போட்டுக்கொண்டு குனிந்தபடியே நகர்வாள். அந்தக் குடையை வெட்டிவிட்டு எங்கள் அம்மா படத்தைப் போட்டால் அது எங்கள் அம்மாவா?

மில்லேயும் இதை வேடிக்கை பார்த்து வரைந்தவர் இல்லை. 1814-ல் நார்மண்டியில் கடலோரம் குருஷி என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், சின்ன வயதில் வயல் வேலை செய்தவர். 1849-ல் பாரிஸை விட்டுக் குடும்பத்தோடு பார்பிசோன் என்ற கிராமத்துக்குப் போய் 1875-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். கதிர் பொறுக்குகிறவர்களை அவர் பத்து வருஷம் போல வரைந்து வரைந்து பார்த்திருக்கிறார். அதில் ஒரு படி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1853-ல் அவர் காட்சிக்கு வைத்த ஓர் ஓவியம், பைபிளில் வரும் ரூத் கதையை ஒட்டியது. கணவனை இழந்து, மாமியாரோடு பிழைக்க வந்த ரூத் அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்குகிறாள். வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் இரக்கப்பட்டு அவளை வேலையாட்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு கொடுக்கிறார். அந்த ஓவியத்தில் சொந்தக்காரர் அவள் பக்கத்திலேயே நிற்கிறார். நாலே வருஷத்தில், 1857 படத்தில், சாப்பிடக் கூப்பிடுகிறவர் இல்லை. இருக்கிறவரும் குதிரை மேல் ஏறி அடிவானத்துக்குப் போய்விட்டார். மில்லே வேண்டுமென்றே ஏற்படுத்திய அந்த இடைவெளியைத்தான் ஐயா உங்கள் பக்கத்தில் கத்தரித்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பாரிஸ் பணக்காரர்களுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. 1848 புரட்சி முடிந்து ஒன்பதே வருஷம். பெண்கள் மூவரையும் வறுமையின் விதிதேவதைகள் என்று ஒரு விமர்சகர் எழுதினார். இன்னொருவருக்கு அந்த அடிவானத்துக்குப் பின்னால், பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1793-ன் கொலைமேடை தெரிந்ததாம். படத்தில் ஒரு ஆயுதம் கிடையாது, யாரும் கையை ஓங்கவில்லை. ஆனாலும் பயந்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் முழுப் படத்தையும் பார்த்தார்கள். மில்லே கடைசியில் 3,000 பிராங்குக்கு அதை விற்றார். அவர் இறந்து 14 வருஷம் கழித்து அதே படம் 3 லட்சம் பிராங்குக்கு விலைபோயிற்று. ஷாம்பெய்ன் வியாபாரம் செய்த பொம்மெரி அம்மையார் வாங்கி, பிரான்ஸ் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். நாட்டுக்குக் கொடுத்தாரே, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஃபிளெக்ஸ் காலத்தில் கையால் எதற்கு நகல் எடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஓவியர் வான்கோவைச் சொல்வேன். 1889-90-ல் தெற்கு பிரான்ஸில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது அவர் மில்லேயின் படங்களைத்தான் வரைந்தார். ஒன்றிரண்டு இல்லை, இருபதுக்கும் மேல். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். வர்ணத்தை அவரே யோசித்துப் போட வேண்டியிருந்தது. இது வெறும் நகல் இல்லை, இன்னொரு மொழிக்கு மாற்றுவது மாதிரி என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். மத்தியான வேளையில் வைக்கோல் நிழலில் ஒரு தம்பதி படுத்துத் தூங்குகிற படம் அப்படி வந்ததுதான். அச்சில் இடம் வலம் மாறி வந்திருந்ததால் வான்கோவின் படத்திலும் மாறியே இருக்கிறது. ஆனால் அவர் எதையும் வெட்டவில்லை. பின்னால் தூரத்தில் நிற்கிற மாட்டையும் வண்டியையும்கூட விட்டுவிடவில்லை.

சீனாவில் ஷென்ஷென் பக்கம் தாஃபென் என்று ஓர் இடம் இருக்கிறது. 1989-ல் ஹாங்காங் வியாபாரி ஒருவர் அங்கே தொடங்கிவைத்த பிறகு ஆயிரக்கணக்கான ஓவியர்கள் உலகப் புகழ் ஓவியங்களைக் கையால் நகலெடுத்து அனுப்பிப் பிழைத்தார்கள். அவர்களை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். கேட்டவர்கள் கேட்டபடி போட்டுத்தரும் தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியும். என் வருத்தமெல்லாம் கேட்கிறவர்கள் மேல்தான். உழைப்பைப் படமாக வாங்கி வரவேற்பறையில் மாட்ட வேண்டும், ஆனால் அதில் யாருக்கும் இடுப்பு வலிக்கக் கூடாது, மேலே யாரும் நின்று பார்க்கவும் கூடாது என்றால் என்ன நியாயம்?

உங்கள் பத்திரிகை அந்த ரகம் இல்லை. அந்தக் கட்டுரையே கூலி பற்றியும் நிலம் பற்றியும்தான் பேசியது. அந்தப் பெண்கள் சொன்ன குறைகளில் பாதி, வரப்பில் நிற்கிறவரைப் பற்றியது. அப்படி ஒரு கட்டுரைக்கு மேலே குதிரைக்காரர் இல்லாத படம் வந்ததுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இடம் போதவில்லை என்றால் படத்தை முழுசாகச் சின்னதாக்கிப் போடுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் ‘படத்தின் ஒரு பகுதி’ என்று கீழே ஒரு வரி போடுங்கள். மில்லே பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நகலாக இருந்தால் நகலெடுத்தவர் பெயரும் வரட்டும்.

நான் வரைந்த படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கேன்வாஸின் பின்பக்கம் ‘மில்லே வரைந்ததைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி, தேதி போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அடிக்கடி வந்து பார்ப்பாள். முதல் இரண்டு தடவை தலைத்துணிகளின் நிறத்தைத்தான் சொன்னாள். மூன்றாவது தடவை ஸ்டூல் போட்டு ஏறி, மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய், “தாத்தா, இங்க ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்காரு” என்றாள்.

உங்கள் பக்கத்தில் அந்தப் படம் எட்டு சென்டிமீட்டர் உயரம் வந்திருந்தது. அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் நாலு சென்டிமீட்டர் விட்டிருந்தால் அவரும் வந்திருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
விளம்பரப் பலகை ஓவியர் (ஓய்வு),
மன்னார்குடி.